டெக்கர்ட் வீட்டு மேஜையும் வெர்லினின் குறட்டையும்

வெர்லின் மாகார்ட் எரிவாயு வண்டி ஓட்டுகிறவர். மிசௌரியின் தெற்கே, ஓசார்க் மலைப் பள்ளங்களில் ஒளிந்து கிடக்கும் வீடுகளுக்கெல்லாம் போய், கொல்லையில் பன்றி மாதிரிப் படுத்திருக்கும் வெள்ளைத் தொட்டியை நிரப்பிவிட்டு வருவது அவர் வேலை. நிரப்பக் கொஞ்ச நேரம்தான் ஆகும். பேசத்தான் நேரம் பிடிக்கும். அவருடைய வண்டிச் சத்தம் கேட்டதும் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். அணைக்காமல் வந்தவர்கள் அன்றைக்குக் கருகியதைத்தான் தின்றார்கள். பாலம் எத்தனை பாரம் தாங்கும் என்று எழுதிய பலகையை யாராவது உரக்கப் படித்துக் காட்டினால் ஒழிய பாலத்தில் கால் வைக்காத கோவேறு கழுதையை வெர்லின் பார்த்திருக்கிறார். ஒருத்தி தக்காளியைப் புட்டி புட்டியாக அடைத்து வைத்து, பாரம் தாங்காமல் அவள் வீடு ஜன்னல் மட்டத்துக்கு மண்ணில் இறங்கிப் போய், இப்போது அவள் ஜன்னல் வழியாகவே நடமாடுவதையும் பார்த்திருக்கிறார். பார்க்காமலா ஜன்னலில் மாட்டியிருந்த அழைப்பு மணியின் நிறம் வரைக்கும் சொல்ல முடியும்?

அப்பேர்ப்பட்ட மனிதர் வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு மேஜையில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது மாமனார் எல்சி டெக்கர்ட் வீட்டு மேஜை.

வசந்தத்தில் வான்கோழி வேட்டைக்காலம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை, டெக்கர்ட் குடும்பம் மொத்தமும் அந்த மேஜையைச் சுற்றி உட்காரும். அந்த வருஷம் அடித்த பறவையின் மார்புக்கறியைத் துண்டு போட்டு, மோரில் ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரித்திருப்பார்கள். மெத்தென்ற ரொட்டி மாதிரியான பிஸ்கட், பாலில் காய்ச்சிய வெள்ளைக் குழம்பு, வெண்ணெயில் வதக்கிய மொரெல் காளான் எல்லாம் இருக்கும். அதோடு பேச்சும் உண்டு. ஆனால் பேச்சு எல்லாருக்கும் கிடையாது. வான்கோழி கொண்டுவந்தவன்தான் கதை சொல்லலாம். மற்றவர்கள் கேட்கலாம், சாப்பிடலாம், உப்பு வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம். எல்சியின் அப்பா காலத்துச் சட்டம் அது. அந்த வீட்டில் வேதாகமத்தில் இருப்பதைப் பற்றிக்கூட இரண்டு கருத்து உண்டு, இதில் கிடையாது.

வெர்லின் எல்சியின் மகள் வில்டாவைக் கட்டிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தனை வசந்தமும் அவர் அந்த மேஜையில் பேசியது, "உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க மச்சான்" என்பது மட்டும்தான். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாத விதம் இல்லை. ஒரு வருஷம் அவர் உப்புக் கேட்டதைக் கேட்டு வில்டாவின் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தான் பேச முடியாததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் பேசுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. வில்டாவின் அண்ணன் கார்வின் கதை சொல்ல ஆரம்பித்தால், முதலில் அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதைச் சொல்வான். பிறகு முந்தின நாள் எந்தப் பக்கம் அடித்தது என்று சொல்வான். பறவை வருவதற்குள் குழம்பு ஆடை கட்டிவிடும். தம்பி ட்ரெல் நேர் எதிர். "வந்துச்சு, சுட்டேன்" என்று முடித்துவிட்டு, எல்லாரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று சட்டையில் குழம்பு சிந்தியிருக்கிறதா எனத் தேடுவான். இரண்டு பேர் கதையிலும் ஏதோ ஓரிடத்தில், மரம் செடிகளோடு சேர்த்து, "பக்கத்துல வெர்லின் இருந்தாரு" என்று ஒரு வரி வரும். நல்ல மாட்டிறைச்சியைக் கண் முன்னால் ஒருவன் கரியாக்குவதைக் கை கட்டிப் பார்க்கிற சமையல்காரனுக்கு என்ன வயிற்றெரிச்சல் இருக்குமோ, அதுதான் வெர்லினுக்கு இருந்தது.

அவர் ஏன் ஒரு பறவைகூட அடிக்கவில்லை என்று கேட்டால், தூங்கிக்கொண்டிருந்தார் என்பதுதான் பதில்.

கல்யாணமான முதல் வசந்தத்தில் மச்சான்கள் அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு ஓக் மரத்தடியில் உட்கார வைத்தார்கள். இலைச்சட்டை, இலைத்தொப்பி, மூஞ்சிக்கு வலை, மடியில் துப்பாக்கி. வயிற்றில் அதிகாலையில் தின்ற பிஸ்கட்டும் தொத்திறைச்சிக் குழம்பும். கார்வின் தன்னிடமிருந்த மரப்பெட்டியின் மூடியை உரசி, சேவல் வான்கோழியை ஏங்கி அழைக்கும் பெட்டை மாதிரிக் கூவ வைத்தான். எதிர்ச் சரிவில் மரத்தில் அடைந்திருந்த சேவல் பதில் மட்டும் கொடுத்தது, இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து வெர்லின் தூங்கிப்போனார். தூங்கியதும் குறட்டை விட்டார்.

எங்கள் பக்கத்துச் சேவல்கள் வசந்தத்தில் எதற்கும் பதில் கொடுக்கும். ஆந்தை அலறினால் கொடுக்கும், இடி இடித்தால் கொடுக்கும், வண்டிக் கதவை அறைந்து சாத்தினால் கொடுக்கும். ஆனால் பதில் கொடுப்பது வேறு, மரத்தை விட்டு இறங்கி நடந்து வருவது வேறு. அன்றைக்கு அந்தச் சேவல் இறங்கியது. இறங்கி, ஓடையைத் தாண்டி, வாலை விசிறியாக விரித்துக்கொண்டு, தலை சிவப்பும் நீலமுமாக மாற, நேராக வெர்லினின் மூக்கை நோக்கி ஓடி வந்தது. கார்வின் அதைச் சுட்டான். சத்தத்தில் விழித்த வெர்லின், "விடிஞ்சுதா?" என்று கேட்டார்.

அந்தக் குறட்டையில் அப்படி என்ன இருந்தது என்று மச்சான்கள் பல வசந்தம் ஆராய்ந்தார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது அது இன்னொரு சேவல் மாதிரி உருட்டியது. வெளியே விடும்போது பெட்டை மாதிரிக் கொஞ்சியது. நடுவில் தொண்டையில் இரண்டு மூன்று கொக்கொக் வேறு. தூரத்தில் இருக்கும் சேவலுக்கு என்ன புரியும்? தன் காட்டில், தன் மரத்தடியில், எவனோ ஒருத்தன் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று புரியும். எந்தச் சேவல் பொறுக்கும்? ஒரு முழுக் கள்ளக்காதல் வெர்லினின் ஒரே மூக்குக்குள் நடந்துகொண்டிருந்தது.

அதிலிருந்து மச்சான்கள் அவரைத் தாங்கினார்கள். வேட்டைக்குக் கிளம்பும்முன் மூன்று பிஸ்கட் கூடுதலாக வைத்து, சூடாகப் பால் கொடுப்பார்கள். இலைத்துணியில் உறை தைத்து ஒரு தலையணை வந்தது. ஒரு தடவை வனவிலங்கு அதிகாரி ஒருவர், யாரோ மின்சார ஒலிப்பெட்டி வைத்துப் பறவையை ஏமாற்றுகிறார்கள், அது சட்டப்படி குற்றம் என்று புதருக்குள்ளிருந்து வெளியே வந்து, தூங்குகிற வெர்லினின் பைகளையெல்லாம் துழாவினார். ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் குனிந்து மூக்கருகே காதை வைத்தார். காதை எடுத்தவர் தொப்பியையும் கழற்றிவிட்டார். மூக்கைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு வருஷம் நகரத்து மருத்துவர் ஒருவர், மூக்கின் நடுவெலும்பு கோணல், சின்ன அறுவையில் நேராக்கிவிடலாம், குறட்டை நின்றுவிடும் என்றார். வில்டா பெட்டியே கட்டிவிட்டாள். மச்சான்கள் இரண்டு பேரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"வில்டா, யோசிச்சுச் செய். ஆண்டவன் குடுத்தது அது" என்றான் கார்வின்.

"வருஷம் பூரா எனக்குக் குடுத்திருக்கானே, அதை யாரு கேக்கறது? ஏப்ரல் மாசம் மட்டும் உனக்கு வேணும், மிச்ச மாசம் என் தலையெழுத்தா?"

"பக்கத்து ரூமுக்குக் கனமாக் கதவு போட்டுத் தரோம்."

கதவு வந்தது. ஓக் மரம், இரண்டு பலகை கனம். மூக்கு கோணலாகவே நின்றது.

இதையெல்லாம் அந்தக் குடும்பத்தில் எல்லாரும் தெரிந்துவைத்திருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். நல்ல வேட்டைக்காரன் தன் இடத்தைச் சொல்லமாட்டான், தன் கருவியையும் சொல்லமாட்டான். எல்சிக்கு முழங்கால் போய்க் காட்டுக்கு வருவது நின்றுவிட்டிருந்தது. காதும் மந்தம்; காதுக்கருவியைச் சாப்பாட்டு மேஜையில் மட்டும்தான் மாட்டுவார். மகன்கள் மேஜையில் சொல்கிற கதையில் பெட்டியின் கூவலும் காற்றின் திசையும்தான் இருக்கும்; குறட்டை இருக்காது. வெர்லினுக்கோ மேஜையில் வாய் கிடையாது. வெளியில் போய், நான் நன்றாகத் தூங்குகிறவன் என்று எந்த ஆண்பிள்ளை பெருமை பேசுவான்?

அப்படியே போயிருக்கும். ஆனால் அந்த வருஷம் வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் எல்சி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்குத் தொண்ணூறாகுது. இத்தனை பேருக்கு மேஜை போட முடியல. இந்த வருஷம்தான் கடைசி. அடுத்த வருஷத்துலேருந்து கார்வின் வீட்டுல."

கார்வின் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு தொலைக்காட்சி இருந்தது. அதில் காலையிலிருந்து ராத்திரி வரை யாரோ முகம் தெரியாதவர்கள் எங்கேயோ வான்கோழி சுட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டில் சாப்பிடும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை, எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து மெல்லுவார்கள்.

வெர்லின் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "வில்டா, இதுதான் கடைசி மேஜை. இந்த வருஷம் நான் ஒண்ணை அடிச்சே ஆகணும்."

"அடிங்க. யாரு வேணாம்னா?"

"முழிச்சிருக்கணுமே."

வில்டா பக்கத்து ரூமின் ஓக் கதவைப் பார்த்தாள். "அது கஷ்டம்தான்" என்றாள்.

முதல் நாள் காலை மச்சான்கள் கொடுத்த பிஸ்கட்டை மேல்சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டார். பாலை நாய்க்கு ஊற்றினார். நாய் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. பனியனுக்குள் ஒரு பைன் காயைப் போட்டுக்கொண்டு, உண்ணி கடிக்கிற இடத்தைப் பார்த்து உட்கார்ந்தார். விழித்திருந்தார். சேவல் எதிர் மேட்டில் மரத்தில்தான் இருந்தது. வலைக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு, வெர்லின் குறட்டை விட ஆரம்பித்தார்.

சேவல் பேச்சை நிறுத்தியது. வெர்லின் இன்னும் கொஞ்சம் உருட்டினார். சேவல் மறுபக்கமாக இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து, அடுத்த மாவட்டத்துக்கே போய்விட்டது. மேலே ஒரு காக்கை கத்திய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

கார்வின் புதருக்குள்ளிருந்து எழுந்து வந்தான். "மாப்பிள்ளை, என்ன குறட்டை இது? எனக்கே வெக்கமா இருக்கு."

"ஏன், நல்லாத்தானே வந்துச்சு."

"இது குறட்டையா? பல்லு வலிக்காரன் மோட்டார் ஸ்டார்ட் பண்ற மாதிரி இருக்கு. சரியா சாப்பிட்டீங்களா? ட்ரெல், இவருக்கு இன்னும் ரெண்டு பிஸ்கட் குடு."

"நான் முழிச்சுட்டுதான் மச்சான் இருந்தேன்."

கார்வினின் முகம் விழுந்தது. "நாங்க என்ன தப்பு பண்ணோம் மாப்பிள்ளை? ஏதாவது குறை இருந்தாச் சொல்லுங்க. தலையணை பழசாயிடுச்சா?"

மறுநாளும் அதே கதை. அடுத்த நாள் அசந்து தூங்கிவிட்டார். அன்றைக்கு மட்டும் சேவல் வந்தது, ட்ரெல் சுட்டான். தூங்கினால் பறவை வருகிறது, சுட முடியவில்லை. விழித்திருந்தால் சுட முடியும், பறவை வரவில்லை. வேட்டைக்காலம் கடைசி வாரத்துக்கு வந்துவிட்டது. அவர் எரிவாயு வண்டியில் போகும்போது யாரிடமும் பேசாமல் தொட்டியை மட்டும் நிரப்பிவிட்டு வந்தார். பெண்கள் அணைத்த அடுப்பைத் திரும்பப் பற்ற வைத்தார்கள். மலை முழுக்கச் சாப்பாடு ருசியாக இருந்தது, யாருக்கும் சந்தோஷமில்லை.

ஒரு மாலை அவர் சமையலறையில் உட்கார்ந்து தன் குறட்டையைப் பழகிக்கொண்டிருந்தார். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வில்டா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நிறுத்துங்க. கேக்க முடியல. அது அப்படி இல்ல."

"எப்படி இல்ல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த உலகத்துல அதைக் கேக்காத ஒரே ஆளு நீங்கதான்."

வெர்லின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அது அவருக்குத் தோன்றியதே இல்லை.

வில்டா மாதா கோவில் பாட்டுக்குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவள். ஒரு தரம் கேட்டதைப் பிசகாமல் பாடுவாள். பாட்டு நடுவில் கூரை இடிந்து விழுந்தாலும் அடியை முடிக்காமல் நிறுத்தமாட்டாள். அவள் கண்ணை மூடினாள். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள். அப்புறம் விட்டாள்.

அடுப்படியில் படுத்திருந்த நாய் எழுந்து, விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வெர்லினைப் பார்த்தது. சத்தம் வருகிற வில்டாவைப் பார்த்தது. மறுபடி வெர்லினைப் பார்த்தது. பிறகு வெளியே போய் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் வீட்டுக்குள் வரவில்லை.

வெர்லின் நாய் போன வழியைப் பார்த்தார். "இப்படியா இருக்கும்?"

"இது சன்னமா இருக்குற அன்னிக்கு" என்றாள் வில்டா.

"இத்தனை வருஷம் எப்படிம்மா இருந்த?"

"அதான் கதவு போட்டாங்களே" என்று சொல்லிவிட்டு அவள் அவரைக்காயை எடுத்தாள்.

வேட்டைக்காலத்தின் கடைசிக்கு முந்தின நாள், சனிக்கிழமை, வெர்லின் தனக்கு ஜலதோஷம் என்று மச்சான்களுக்குச் சொல்லி அனுப்பினார். மூக்கைப் பற்றிய செய்தி என்பதால் அவர்கள் கலங்கிப்போய், கோழிச்சாறு கொடுத்தனுப்பினார்கள். கணவனும் மனைவியும் வண்டியைக் கோவிலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, இருட்டோடு உப்புநக்கி என்கிற காட்டுப் பள்ளத்தில் இறங்கினார்கள். டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்து, யாரோ துணி காயப்போட்ட மாதிரி நின்றன. ஒரு பெரிய ஓக் மரத்தின் முன்பக்கம் வெர்லின் உட்கார்ந்தார். பின்பக்கம் வில்டா. தொப்பியை இழுத்து, வலையைப் போட்டு, முழங்காலில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தார்.

வெளுத்ததும் மேட்டில் சேவல் களகளவென்று ஒரு தரம் கத்தியது. மரத்துக்குப் பின்னாலிருந்து வில்டா ஆரம்பித்தாள்.

தான் இத்தனை வருஷம் தூங்கித் தவறவிட்டது என்னவென்று வெர்லினுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு உருட்டலுக்கும் சேவல் பதில் சொன்னது. ஒவ்வொரு கொஞ்சலுக்கும் மரக்கிளை ஆடியது. அது இறங்கியது, இறக்கையை மண்ணில் உரசிக்கொண்டு நடந்தது, நின்று கத்தியது, இன்னும் கிட்டே வந்து கத்தியது. அவர் இதயம் இலைச்சட்டையின் பொத்தானைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போது பக்கவாட்டில், ஓடைக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. கார்வினும் ட்ரெலும். இரண்டு மேட்டுக்கு அப்பாலிருந்து குறட்டையைக் கேட்டிருக்கிறார்கள். பாவம் மாப்பிள்ளை, ஜலதோஷத்தோடு தனியாக வந்து தூங்கிவிட்டார் போல என்று, வழக்கப்படி பறவையை வாங்கிக்கொள்ள வந்துவிட்டார்கள். தூரத்தில் ஒரு ஹிக்கரி மரத்தடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்து, தொட்டிலில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி வெர்லினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கார்வின் துப்பாக்கியை எடுப்பதற்குள் வெர்லின் சுட்டார்.

சேவல் விழுந்தது. பள்ளம் முழுக்க எதிரொலித்து அடங்கியது. அடங்கிய பிறகும் குறட்டை நிற்கவில்லை. வில்டா அடியை முடித்துக்கொண்டிருந்தாள்.

வெர்லின் அசையவில்லை. அவருக்கு அசையத் தெரியவில்லை. தன் கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் போல இருந்தது. அவர் தலையைத் திருப்பியபோது ஹிக்கரி மரத்தடியில் யாரும் இல்லை. இரண்டு தொப்பிகள் மேட்டில் ஏறி மறைந்துகொண்டிருந்தன. தூக்கத்தில் துப்பாக்கி சுடுகிற மனிதனின் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

ஞாயிறன்று மேஜை நிரம்பியது. வெர்லினின் பறவை பொரிந்து நடுவில் இருந்தது. எல்சி காதுக்கருவியை மாட்டி, ஜெபம் சொல்லி முடித்தார். வெர்லின் தொண்டையைச் செருமினார். இருபது வருஷத்துக் கதைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொண்டை வரை வந்து நின்றன.

"மாமா, நேத்துக் காலையில—"

"ஒரு நிமிஷம்" என்றான் கார்வின். "அப்பா, இவரு பேசக் கூடாது. இது கணக்குல வராது."

"ஏன்? பறவை மேஜையில இருக்கே."

"தூங்கிட்டே சுட்டாருப்பா. நானும் ட்ரெலும் கண்ணால பார்த்தோம். சுடறப்பவும் குறட்டை, சுட்ட அப்புறமும் குறட்டை. துப்பாக்கி தானா சுட்ட மாதிரிதான். இதுக்குப் போய்ப் பேச்சுக் குடுத்தா, நாளைக்குக் கதவு தானா சாத்திக்கிட்டதுன்னு கதவுக்கும் குடுக்கணும்."

"நான் முழிச்சிருந்தேன் மச்சான்."

"சுடறப்ப குறட்டை வந்துச்சா இல்லையா? ட்ரெல், நீ சொல்லு."

"வந்துச்சு" என்றான் ட்ரெல்.

எல்சி வெர்லினைப் பார்த்தார். வெர்லின் வில்டாவைப் பார்த்தார். வில்டா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, சாப்பாட்டு மேஜையிலேயே விட்டாள்.

தட்டுகள் அதிர்ந்தன. ட்ரெலின் கை தன்னையறியாமல் துப்பாக்கி தேடித் தொடையைத் தடவியது. வெளியே, தோட்டத்துக்கு அப்பாலிருக்கிற காட்டிலிருந்து ஒரு சேவல் பதில் கொடுத்தது.

"நான்தான்பா அது" என்றாள் வில்டா. "மரத்துக்குப் பின்னால இருந்தேன்."

எல்சி காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டார். "குறட்டைக்கா பறவை வந்துச்சு?"

"அதுக்குத்தான்பா எப்பவும் வரும்" என்று கார்வின் அவசரப்பட்டான். "இத்தனை வருஷமா மாப்பிள்ளை தூங்கித்தானே வரவழைச்சோம். அவரு குறட்டை மாதிரிக் கூவற பெட்டி இன்னும் யாரும் செய்யல. அதனாலதான் சொல்றேன், அவரு எப்பவும் தூங்கறவரு—"

ட்ரெல் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தான். மிதித்ததில் பிரயோஜனமில்லை, சொல்லியாகிவிட்டது.

எல்சி முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எங்கப்பா சொன்னது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? எவன் பறவையை வரவழைச்சானோ, அவன் பேசட்டும்னாரு. சுட்டவன்னு அவரு சொல்லவே இல்ல. அந்தக் காலத்துல வரவழைக்கறவனும் சுடறவனும் ஒரே ஆளு, அதனால யாரும் பிரிச்சுப் பார்க்கல. சுடறதுக்கு என்ன, விரலு இருந்தாப் போதும்."

"அப்போ இந்தப் பறவைக்கு?" என்றாள் வில்டா.

"உன் பேச்சு. சொல்லு."

"குறட்டை விட்டேன். வந்துச்சு. பக்கத்துல வெர்லின் இருந்தாரு." அவள் காளான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வெர்லினின் முகம் சாம்பல் பூத்தது. கடைசி மேஜை, அதிலும் இல்லை. அவர் கை பழக்க தோஷத்தில் உப்பை நோக்கிப் போனது.

"அதுக்கு முந்தி வந்ததெல்லாம்?" என்றார் எல்சி, கார்வினைப் பார்த்து. "தேவதாருப் பள்ளத்துல வந்தது, மார்புல மூணு தாடி தொங்கவிட்டிருந்தது, வெள்ளம் வந்த வருஷத்தது? யாரு வரவழைச்சா?"

கார்வின் குனிந்து பிஸ்கட்டில் வெண்ணெய் தடவினான்.

"ஆக, நீ இத்தனை வருஷமா இந்த மேஜையில சொன்னதெல்லாம் இவரு கதை" என்றார் எல்சி. "மாப்பிள்ளை, எல்லாம் உங்களுதுதான். முதல்ல வந்ததுலேருந்து ஆரம்பிங்க."

அத்தனை முகங்களும் வெர்லின் பக்கம் திரும்பின. முதல் பறவை வந்த காலையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், விடிஞ்சுதா என்று தான் கேட்டது மட்டும்தான். மற்றதெல்லாம் கார்வினுக்குத் தெரியும். கார்வின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இவர் என்ன சொல்லப்போகிறார் பார்க்கலாம் என்று கையைக் கட்டினான்.

வெர்லின் ஒரு வாய் காப்பி குடித்தார். கோப்பையை வைத்தார்.

"அந்தச் சேவலுக்கு அன்னிக்கு விடியறதுலயே இஷ்டம் இல்ல மாமா" என்றார். "முந்தின நாள் ராத்திரி அதுக்கும் அது மாமனாருக்கும் பெரிய பேச்சு."

"மாமனாரா?" என்றார் எல்சி.

"கிளையில அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் இது. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கல. அவருக்கு ஒத்தக் காலுலதான் சண்டை முள்ளு இருந்துச்சு, ஆனா ரெண்டு காலுலயும் இருக்கற மாதிரி நடப்பாரு."

"அன்னிக்கு மரத்துல ஒரே ஒரு சேவல்தான்" என்றான் கார்வின். "நான் முழிச்சிருந்தேன்."

"முழிச்சிருந்தவன் நீதானே. வரவழைச்சது அவரு" என்றார் எல்சி. "அவரு சொல்லுவாரு. அப்புறம் மாப்பிள்ளை?"

அப்புறம் வெர்லின் சொன்னார். அந்தக் கிளையின் வயதைச் சொன்னார். அதில் இடப்பக்கம் உட்கார எந்தப் பறவைக்கு உரிமை, அது எந்தக் கல்யாணத்தில் சீதனமாக வந்தது என்று சொன்னார். கீழே ஒரு மனிதன் தூங்குகிற சத்தம் முதன்முதலில் சேவலின் காதில் விழுந்தபோது அதற்கு எந்தப் பழைய அவமானம் ஞாபகம் வந்தது என்பதைச் சொன்னபோது, ட்ரெல் கையிலிருந்த பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோக மறந்து அப்படியே வைத்திருந்தான். வில்டாவின் சித்தி நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டாள். பொரித்த கறி ஆறியது, குழம்பு ஆடை கட்டியது, ஒருவரும் கவனிக்கவில்லை. ஆப்பிள் பணியாரம் வந்தது, காப்பி இரண்டாம் தரம் வந்தது. தொழுவத்தில் மாடுகள் கறவைக்குக் கத்தின. ஒரு கட்டத்தில் கார்வினே, "அப்போ அந்த மாமனாரு என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக வெட்கப்பட்டான்.

ஜன்னலில் வெயில் சாய்ந்து, மேஜைத் துணியின் கட்டங்கள் தெரியாமல் போயின. எல்சி மெல்ல முன்னால் குனிந்தார்.

"மாப்பிள்ளை, அது இன்னும் மரத்தை விட்டு இறங்கலையா?"

"இல்ல மாமா" என்றார் வெர்லின். "யோசிச்சுக்கிட்டு இருக்கு."

எல்சி மோவாயைத் தடவினார். பிறகு கார்வினைப் பார்த்தார்.

"உன் வீட்டுல மேஜை போடறது அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். "பறவையை மரத்துல வச்சுட்டு எடம் மாத்த முடியாது."